பிளோவ்டிவ் நாட்குறிப்பு: கல் அரங்கில் டெவின் டவுன்செண்ட்

வியாழக்கிழமை, சோஃபியாவிலிருந்து

கச்சேரிப் படங்களில் இடம் பெரும்பாலும் ஒரு பொருட்டே அல்ல. இருட்டு, புகை, விளக்கு, உயர்ந்த கைகள் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. நடந்தது லண்டனிலா டோக்கியோவிலா என்பதை அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மின்கிதாரின் பேரிரைச்சலில் எழும் ராக் வகையான மெட்டல் இசையில் பெயர் பெற்ற கனடா நாட்டுக் கலைஞர் டெவின் டவுன்செண்ட், தம் 'டெவின் டவுன்செண்ட் புராஜெக்ட்' குழுவினருடன் 2017 செப்டம்பர் 22 அன்று பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் நிகழ்த்திய கச்சேரியின் படம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில், அந்நகரின் அரசு ஓபரா நிறுவனத்தின் ஆர்கெஸ்ட்ராவையும் கூட்டுப்பாடகர்களையும் உடன் வைத்துக்கொண்டு நடத்தப்பட்ட அக்கச்சேரியில், ஏறத்தாழ 1,900 ஆண்டு வயதான பளிங்குத் தூண்கள் டிரம்ஸுக்குப் பின்னால் நிற்பதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், அந்தத் தூண்கள் அங்கே அழகுக்காக மட்டும் நிற்கின்றனவா, அல்லது ஒலியிலும் அவற்றுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி எனக்குள் எழுந்துகொண்டே இருந்தது. இந்தப் பயணத்தின் நோக்கம் அதுதான். பல்கேரியாவில் காண வேண்டிய மடாலயங்களைப் பற்றியும் கருங்கடற்கரையைப் பற்றியும் இக்குறிப்புகளில் ஒன்றும் இராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டவுன்செண்டைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில வரிகள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் 1972ஆம் ஆண்டு பிறந்தவர். கிதார் மேதை ஸ்டீவ் வாயின் 1993ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் பாடகராக அறிமுகமாகி, பின்னர் 'ஸ்ட்ராப்பிங் யங் லேட்' என்ற, காதைக் கிழிக்கும் மூர்க்கமான குழுவை நடத்தினார். அதே கையோடு, கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டிய மெல்லிய இசைப் பரப்புகளையும் உருவாக்கினார். 2007இல், பிரபஞ்சத்திலேயே சிறந்த காப்பியைத் தேடிப் பூமிக்கு வந்து, கொடுத்த காப்பி பிடிக்காமல் போர் தொடுக்கும் ஸில்டாய்டு என்ற வேற்றுக்கிரகவாசியைப் பற்றி ஒரு முழுத் தொகுப்பே வெளியிட்டார். அந்த ஸில்டாய்டு ஒரு கைப்பாவை. அதற்கென்றே 2015இல் லண்டனின் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தை எடுத்துக் கச்சேரி நடத்தினார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இவருக்குக் 'கிறுக்கர்' என்ற பெயர் எப்படி வந்தது என்பது விளங்கும். சோஃபியா பேருந்து நிலையத்தில், இந்நாட்டின் தெருமுனைகள் தோறும் நிற்கும் காசு போட்டால் காப்பி தரும் இயந்திரம் ஒன்றிலிருந்து காகிதக் குவளையில் காப்பி வாங்கிக் குடித்தேன். ஸில்டாய்டின் சினம் நியாயமானதே.

சோஃபியாவிலிருந்து பிளோவ்டிவுக்கு ஏறத்தாழ 145 கிலோமீட்டர். திராக்கியா நெடுஞ்சாலையில் பேருந்து இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. மலைகளைக் கடந்தவுடன் சமவெளி விரிகிறது. காய்ந்து தலைகுனிந்த சூரியகாந்தி வயல்கள், தெற்கே நீலக்கோடாக ரோடோப்பி மலைத்தொடர். தம் நாட்டின் பரப்பைப் பற்றி டவுன்செண்ட் 2001இல் எழுதிய 'கனடா' என்ற பாடலைப் பிளோவ்டிவிலும் பாடியிருக்கிறார். நீண்ட சாலையில் வண்டி ஓட்டிச் செல்பவனின் சோம்பலான நடை அதற்கு உண்டு என்பதால், வேறொரு நாட்டுச் சாலையிலும் அது பொருந்தவே செய்தது.

வெள்ளிக்கிழமை, பகலில் அரங்கு

தெற்குப் பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதியிலிருந்து இவான் வாசோவ் தெரு வழியாக நடந்தால், பூங்காவையும் கடைத்தெருவையும் தாண்டிப் பழைய நகரின் குன்றுகளுக்கு ஏறும் வழி வருகிறது. ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர் பெற்ற ஊர் இது. ஆயினும் ஒரு குன்று சாலை பாவும் கல்லாக உடைக்கப்பட்டு எப்போதோ மறைந்துவிட்டது. உருண்டைக் கற்கள் பதித்த, செங்குத்தான, குறுகிய சந்துகளில் மூச்சு வாங்க ஏறியபோது, ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒரு மெட்டல் குழுவுக்கும் வேண்டிய ஒலிபெருக்கிகளையும் பெட்டிகளையும் இவ்வழியே ஏற்றுவதற்கு என்ன பாடு பட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஜாம்பாஸ் குன்றுக்கும் தக்சிம் குன்றுக்கும் இடைப்பட்ட சரிவில் அரங்கு குடையப்பட்டிருக்கிறது. டிராஜன் பேரரசர் காலத்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. அதற்குச் சற்று முந்தைய முதலாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது என்று கல்வெட்டைக் காட்டி வாதிடுவோரும் உண்டு. பிலிப்போபொலிஸ் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இந்நகரின் மக்கள் ஐயாயிரம் முதல் ஏழாயிரம் பேர் வரை அமர்ந்து பார்ப்பதற்கு, நடுவே அகன்ற நடைபாதை ஒன்றால் பிரிக்கப்பட்ட 28 பளிங்கு வரிசைகள். மண்ணுக்குள் புதைந்து கிடந்த இதை 1970களில் அகழ்ந்தெடுத்துச் சீரமைத்து, 1980களின் தொடக்கத்திலிருந்து மீண்டும் மேடையாகவே பயன்படுத்திவருகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காக்காமல், ஓபராவுக்கும் நாடகத்திற்கும் மெட்டலுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்று கீழ்வரிசை ஒன்றில் அமர்ந்தேன். இருக்கையின் முன்முகத்தில் கிரேக்க எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. நகரின் எந்தப் பிரிவினர் எங்கே அமர வேண்டும் என்பதைக் குறிக்கும் பெயர்கள் அவை. எழுத்துகளின் உட்பள்ளத்தில் கரும்பச்சைப் பாசி படிந்திருக்க, விளிம்புகளோ விரல் நுனிக்கு வழவழப்பாக இருந்தன. அதே வரிசையில் இரண்டடி தள்ளி, சீரமைப்பின்போது பொருத்திய புதிய கல் பால்வெள்ளையாக, கூர்மையான விளிம்புடன் நிற்கிறது. பழையதையும் புதியதையும் ஒன்றுபோலக் காட்ட யாரும் முயலவில்லை.

மேடைக்குப் பின்னுள்ள தூண் வரிசையில் பாதிக்கு மேல் வெட்டவெளிதான். படத்தில் இரவென்பதால் தெரியாத ஒன்று பகலில் தெரிந்தது: தூண்களுக்கு இடையே நகரின் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் ரோடோப்பி மலையும் இருக்கின்றன. குன்றைக் குடைந்து அரங்கின் அடியிலேயே சாலைச் சுரங்கம் ஒன்று செல்கிறது. அதிலிருந்து வெளிப்படும் வண்டிகளின் இரைச்சல் கீழிருந்து மெல்ல எழுந்து வந்துகொண்டே இருந்தது. அரங்கை ஒட்டினாற்போல் இசை, நடனம், நுண்கலைக் கழகத்தின் கட்டடம். திறந்திருந்த சன்னல் ஒன்றின் வழியாக ஒரு மாணவி ஒரே ஏறுவரிசைச் சுரங்களைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுரத்தில் ஒவ்வொரு முறையும் சற்றுத் தயங்கினாள். கீழ் வரிசையிலும் சரி, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கடைசி வரிசையிலும் சரி, அந்தத் தயக்கம் ஒரே தெளிவுடன் கேட்டது.

இங்கே ஒரு பொதுவான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'பண்டைய அரங்கின் ஒலியமைப்பு அற்புதம், அதனால்தான் இங்கே பதிவு செய்கிறார்கள்' என்று பலரும் எழுதுகிறார்கள். மின்கிதார் கச்சேரியில் ஒவ்வொரு வாத்தியத்திற்கும் அருகிலேயே ஒலிவாங்கி வைக்கிறார்கள். பார்வையாளர் கேட்பதும் ஒலிபெருக்கி வழியாக வருவதைத்தான். பேச்சை மேல்வரிசைக்கு ஏந்திச் செல்லக் கல் செய்யும் உதவிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. உண்மையான நன்மை வேறு: கூரை இல்லை. மூடிய மண்டபங்களில் பேஸ் கிதாரின் ஒலியும் டிரம்ஸின் அடியும் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு, நடுவிலுள்ள நுட்பங்களை விழுங்கிவிடும். இங்கே அந்தத் தாழ்ந்த ஒலிகள் வானத்திற்கும் பள்ளத்தாக்குக்கும் போய்விடுகின்றன. சாதாரணக் குழுவுக்கு இது சிறிய வசதி. டவுன்செண்டுக்கோ பெரிய மருந்து. ஏனெனில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருடைய நோயே அடுக்குவதுதான். கிதாரின் மேல் கிதார், குரலின் மேல் குரல், அவற்றின் மேல் கீபோர்டு, அதற்கும் மேல் எதிரொலி என்று அவர் குவிக்கும் தொகுப்புகளில், சில இடங்களில் ஒரு ஊசி நுழையவும் இடமிருக்காது.

வெள்ளிக்கிழமை இரவு

அறைக்குத் திரும்பி, மடிக்கணினியில் நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு படத்தின் முதற்பாதியைப் பார்த்தேன். இந்தப் பாதி, ரசிகர்கள் தேர்ந்தெடுத்த பாடல்களை ஆர்கெஸ்ட்ராவுடனும் கூட்டுப்பாடகர்களுடனும் வாசிப்பது. 'ட்ரூத்'தில் தொடங்கி 'டீப் பீஸ்' வரை, 1998 முதல் 2016 வரையிலான தொகுப்புகளிலிருந்து எடுத்த பாடல்கள்.

மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்: ஆர்கெஸ்ட்ரா இங்கே பெரும்பாலும் கண்ணுக்குத்தான் விருந்து. வயலின் வில்கள் ஒருசேர ஏறி இறங்குவதைக் கேமரா ஆசையோடு காட்டுகிறது. ஒலியில் அவற்றைத் தேட வேண்டியிருக்கிறது. இதில் வாசித்தவர்களின் குறை ஒன்றுமில்லை. வயலின்களுக்கும் வியோலாக்களுக்கும் உரிய நடுத்தர ஒலிப்பரப்பை, இரண்டு கிதார்களும் கீபோர்டும் முன்பே நிரப்பிவிட்டன. ஏற்கெனவே ஒரு ஆர்கெஸ்ட்ராவைப் போல எழுதப்பட்ட இசைக்கு இன்னொரு ஆர்கெஸ்ட்ரா எங்கே போய் உட்காரும்? 'ஸ்டார்ம்பெண்டிங்' பாடலில் இது நன்றாகத் தெரிகிறது. மாறாக, 'டெட்ஹெட்' போன்ற மெதுவான, இடைவெளி மிகுந்த பாடலில், தந்தி வாத்தியங்கள் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்க, அதன்மேல் டவுன்செண்டின் குரல் அடித்தொண்டையிலிருந்து உச்சத்திற்குப் போகும்போது, இத்தனை பேரை அழைத்து வந்ததற்குப் பொருள் கிடைக்கிறது.

கூட்டுப்பாடகர்களின் கதை வேறு. மனிதக் குரலைக் கிதாரால் அழிக்க முடிவதில்லை. ஸில்டாய்டின் படையெடுப்பைப் பாடும் 'பை யுவர் கமாண்ட்' பாடலில், வெர்டியின் ஓபராக்களுக்குப் பழகிய தொண்டைகள், காப்பிக்காகப் பூமியை அழிக்க வந்த ஒரு கைப்பாவைக்கு முழுச் சிரத்தையோடு கட்டியம் கூறுகின்றன. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. முன்னால் மழித்த தலையோடு கண்களை உருட்டி, வாயைக் கோணி, பாட்டுக்குப் பாட்டு தம்மையே கேலி செய்துகொள்ளும் ஒரு மனிதர். பின்னால் கறுப்பு உடையில் அசையாத பாடகர் வரிசை. டவுன்செண்டின் கலையில் பொதிந்திருக்கும் பெருமிதமும் கோமாளித்தனமும் இவ்வளவு தெளிவாக ஒரே சட்டகத்திற்குள் வந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை

காலையில் மீண்டும் அரங்குக்குச் சென்று, இம்முறை மேல்வரிசையில் நிழல் பார்த்து அமர்ந்து, படத்தின் பிற்பாதியைக் கேட்டேன். இதில் 1997ஆம் ஆண்டின் 'ஓஷன் மெஷின்' தொகுப்பு முழுவதும், முதற்பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை, அதே வரிசையில் வாசிக்கப்படுகிறது. அப்போது அதற்கு 20 வயது.

அந்தத் தொகுப்பின் பிறப்பை நினைவில் கொள்வது நல்லது. ஸ்ட்ராப்பிங் யங் லேடின் மிகக் கொடூரமான தொகுப்பு வெளியான அதே ஆண்டில், அதே இருபத்தைந்து வயது இளைஞர், கடலையும் தனிமையையும் சாவையும் பற்றிய இந்தத் தொகுப்பை, ஹெவிடெவி ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கி வெளியிட்டார். இதன் தனித்தன்மைக்கு ஒரு முக்கியமான காரணம் அவர் கிதாருக்குச் சுருதி கூட்டும் முறை. வழக்கமான முறையை விட்டு, அடித்தந்தியிலிருந்து ச, ப, ச, ப, ச, க என்று ஆறு தந்திகளையும் அமைத்துக்கொள்கிறார். விரலால் எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே, தம்புரா போல ஒரு நிறைந்த ஓசை எழும். ஒரே விரலைக் குறுக்கே வைத்து நகர்த்தினால் அந்த ஓசை முழுவதும் இடம் பெயரும். அழுத்தாத தந்திகள் பல இடங்களில் அடியில் ஒலித்துக்கொண்டே இருப்பதால், எத்தனை இரைச்சல் எழுந்தாலும் அடியில் ஒரு நிலையான ஆதாரம் இருக்கிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது இவருடைய இரைச்சலுக்குள் தடுமாறாமல் நடக்க முடிவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் துணிபு.

பிற்பாதியில்தான் இந்த இடம் தன் வேலையைச் செய்கிறது. 'செவன்த் வேவ்' தொடங்கும்போது கிதார் ஒலி எதிரொலிக் கருவியின் வழியே அலையலையாக வெளியேறுகிறது. கூடத்தில் பதிவு செய்த மூலத்தில் அந்த அலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், இங்கே ஒவ்வொன்றுக்கும் இடையில் காற்று இருக்கிறது. ரயன் வான் பூடரூயனின் டிரம்ஸ் அடிகளின் முடிவு கேட்கிறது. பேஸ் கிதார் தன் கோட்டில் தனியாக நடப்பது கேட்கிறது. கிதாரில் டேவ் யங்கும் கீபோர்டில் மைக் செயின்ட் ஜீனும் சேர்ந்து, கூடத்தில் எத்தனையோ அடுக்குகளாகச் செய்யப்பட்டதை இரண்டு இணைக் கைகளில் தாங்குகிறார்கள். குழு மட்டும் வாசிப்பது, அதற்கு முந்தைய மணிநேரத்தில் அத்தனை பேர் வாசித்ததைவிடப் பெரிதாகக் கேட்கிறது.

தொகுப்பின் நெஞ்சம் 'ஃப்யூனரல்', 'பாஸ்டர்ட்', 'தி டெத் ஆஃப் மியூசிக்' என்று அடுத்தடுத்து வரும் மூன்று பாடல்களில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது மட்டும் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். ஏறக்குறைய ஒன்றுமே நிகழாத பாட்டு அது: மெல்லிய தாளம், மங்கிய கீபோர்டு, கெஞ்சும் குரல். மெட்டல் கச்சேரியில் இத்தனை நேரம் கூட்டத்தை அடக்கி வைப்பது எளிதன்று. ரசிகர்கள் நின்றபடி ஒருவரையொருவர் மோதி ஆடும் தரையாக இருந்திருந்தால் பாதியிலேயே பேச்சுச் சத்தம் எழுந்திருக்கும். இங்கே கூட்டம் ஒரு மலைச்சரிவைப் போல எதிரே எழுந்து நிற்கிறது. பாடுகிறவருக்கு ஒவ்வொரு வரிசையும் தெரியும், வரிசையில் இருப்பவருக்குப் பாடுகிறவரை மறைக்க யாருமில்லை. நாடகத்திற்காகக் கட்டிய சரிவு, பன்னிரண்டு நிமிட மெதுவான பாட்டுக்குத் துணை செய்திருக்கிறது. தூண்களுக்கு ஒலியில் பங்குண்டா என்ற கேள்விக்கு இங்கே எனக்கு ஒரு விடை கிடைத்தது. தூண்கள் ஒன்றும் செய்யவில்லை, படிக்கட்டுகள் செய்தன.

மாலையில் பழைய நகரின் மரவீடுகளுக்கிடையே சுற்றினேன். வண்ணச் சுவர்கள், தெருவுக்கு மேலே நீண்டு வரும் மாடிகள், சுற்றுலாக் கூட்டம். படமெடுக்க ஏற்றவை; எழுத ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை

இந்நகரில் புதைந்து கிடக்கும் இன்னொரு பெரிய பார்வையிடம் கடைத்தெருவின் அடியில் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 30,000 பேருக்கு இடமும் கொண்ட ஓட்டப்பந்தய அரங்கின் வளைந்த வட முனை மட்டும் ஜுமாயா மசூதிக்கு எதிரே திறந்து கிடக்கிறது. மற்றவை துணிக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் அடியில். அதிலிருந்து சிறிது தூரத்தில், ஊர்க் குறும்பர் மில்யோவின் வெண்கலச் சிலை, கையைக் காதருகே குவித்து எதையோ உற்றுக் கேட்கும் பாவனையில் அமர்ந்திருக்கிறது. கிறுக்கருக்குச் சிலை வைக்கும் ஊரில் டவுன்செண்ட் படம் எடுத்தது பொருத்தம்தான்.

சோஃபியாவுக்குத் திரும்பும் பேருந்தில், இதே அரங்கில் உருவான மற்றப் பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். பிரிட்டனின் அனதீமா 2012இலும், பாரடைஸ் லாஸ்ட் 2014இலும், சுவீடனின் கட்டடோனியா 2016இலும் இங்கே ஆர்கெஸ்ட்ராவுடன் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். டவுன்செண்டுக்கு அடுத்த ஆண்டு சன்ஸ் ஆஃப் அபோலோ வந்தது. எல்லாமே செப்டம்பர் பிற்பகுதியில், பல்கேரியச் சுதந்திர நாளான 22ஆம் தேதியன்றோ அதை ஒட்டியோ நடந்தவை. ஆண்டு முழுவதும் மாதச் சம்பளத்தில் இயங்கும் ஆர்கெஸ்ட்ரா, கோடைக்கால அரங்கு, விடுமுறை நாள் ஆகிய மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்திருப்பது, அயல்நாட்டு மெட்டல் குழுக்களுக்கு வேறு இடத்தில் எளிதில் வாய்க்காது.

ஆர்கெஸ்ட்ராவைக் கேட்க வேண்டுமானால் அவற்றுள் கட்டடோனியாவின் பதிவே மேல். அவர்களுடைய கிதார்கள் இடைவெளி விட்டு வாசிப்பவை; வயலின்கள் அந்த இடைவெளிகளில் நுழைந்து குடியேறிவிடுகின்றன. ஆர்கெஸ்ட்ராவுக்கென்றே அடியிலிருந்து எழுதினால்தான் தமக்கு அது கைகூடும் என்பதை டவுன்செண்டும் உணர்ந்திருக்க வேண்டும். 2025இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் அவர் அரங்கேற்றிய 'தி மாத்' என்ற படைப்பு அப்படி எழுதப்பட்டதே.

பிளோவ்டிவ் கச்சேரி முடிந்து சில மாதங்களில், 2018 தொடக்கத்தில், டெவின் டவுன்செண்ட் புராஜெக்ட் குழுவைத் தாம் நிறுத்திவைப்பதாக அவர் அறிவித்துவிட்டார். படம் கடைக்கு வந்தபோது அதில் வாசித்த குழு இல்லை. அதை அறிந்து பார்ப்பவர்கள் மேடையில் பிரிவின் அறிகுறிகளைத் தேடுவார்கள். நானும் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு என் பரிந்துரை, பிற்பாதியை முதலில் பார்த்துவிட்டு, கூட்டுப்பாடகர்களுக்காக மட்டும் முற்பாதிக்குப் போகலாம் என்பதே. நாளை காலை சோஃபியாவிலிருந்து பெல்கிரேடுக்குப் பேருந்து.